முழங்கால் வலியா? சைக்கிள் வாங்கும் முன் குதிகாலால் அளந்து பாருங்கள்

வீட்டில் மிதிக்க உடற்பயிற்சி சைக்கிள் வாங்குவதாக இருந்தால், கடையிலேயே ஏறி உட்கார்ந்து ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்கு இருக்கையை ஏற்ற முடியாத சைக்கிள் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

மிதிப்பது முன்பாதத்தால் என்பதால், இப்படி அளந்த உயரத்தில் பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சுமார் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். இருக்கை தாழ்வாக இருந்தால் பெடல் மேலே வரும்போது கால் அளவுக்கு மீறி மடங்கும். முழங்கால் சில்லு தொடை எலும்பின்மீது அழுந்தி, முன்பக்க வலி கூடும். மிக உயரமானால் வலி பின்பக்கத்துக்கு மாறும். இறுக்கத்தைக் கூட்டும் திருகை ஆரம்பத்தில் குறைவாகவே வையுங்கள். கலோரி காட்டும் திரைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் என்பது என் கட்சி.

முதுகுச் சாய்மானம் உள்ள சைக்கிளில் இருக்கை முன்பின்னாக நகரும். அங்கே பெடல் உங்களிடமிருந்து மிகத் தொலைவில் இருக்கும்போது இதே சோதனையைச் செய்யலாம். முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்காதவர்களுக்கு முழுச் சுற்று வருவது கடினம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ, கடைக்குப் போகும் முன் மருத்துவரைப் பாருங்கள்.