ஹூஸ்டனில் பிக்கப் டிரக் வாங்கப் போகிறீர்களா? ஓனர்களிடம் இப்படிக் கேளுங்கள்

ஹூஸ்டனைச் சுற்றி கேட்டி, சைப்ரஸ், சுகர்லேண்ட், பேர்லேண்ட் பக்கம் வந்து இறங்கும் நம் குடும்பங்கள் முதல் வண்டியாக ஒரு கேம்ரியோ அக்கார்டோ வாங்குவார்கள். அதுதான் சரியும்கூட. பிக்கப் ஆசை அப்புறம்தான் வரும். சொந்த வீடு, கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும், அதற்கு மூட்டை மூட்டையாக மண், பொங்கல் விழாவுக்கு அண்டாவும் மடக்கு மேசையும் ஏற்றிப் போக வண்டி தேடும் அலைச்சல். அப்போது கோயில் பார்க்கிங்கில் டிரக்கோடு நிற்கும் யாரையாவது பிடித்து, "அண்ணா, எந்த பிராண்ட் நல்லது?" என்று கேட்பீர்கள்.

அந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். பதினோரு வருடம் இங்கே இருந்து, இரண்டு டிரக் ஓட்டி, இப்போது மூன்றாவதை வைத்திருக்கிறேன். பிராண்டைக் கேட்டால் எவரும் தம் குடும்பக் கதையைத்தான் பதிலாகச் சொல்வார்கள். என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். பருத்தி விவசாயம் செய்த அப்பாவின் ஃபோர்டில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். அந்த டிரக்கின் சாவி இன்னும் அவர் அடுப்படிச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவரிடம் போய் செவி (செவ்ரோலே) டிரக் வாங்கலாமா என்று கேட்டால் என்ன வரும்? தஞ்சாவூர்ப் பக்கம் மாஸி டிராக்டர் வைத்திருந்த வீட்டில் போய் மஹிந்திராவைப் பற்றிக் கேட்பது போலத்தான். அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன். முப்பது நாற்பது வருடம் ஒரு வண்டி குடும்பத்துக்குச் சோறு போட்டிருக்கிறது என்றால் அந்தப் பெயர் மீது பாசம் வரத்தானே செய்யும். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது அந்தப் பாசத்தை அல்ல. குறிப்பிட்ட ஒரு வருடத்தில், குறிப்பிட்ட ஓர் எஞ்சினோடும் கியர்பாக்ஸோடும் வந்த ஒரு வண்டியை.

இதை நான் காசைக் கொட்டிக் கற்றுக்கொண்டேன். முதல் டிரக்கை நண்பர் ஒருவரின் சொல்லை நம்பி வாங்கினேன். அவருடையது இரண்டு லட்சம் மைல் ஓடியும் சத்தம் போடாத வண்டி. அதே கம்பெனி, அதே பெயர் என்று ஐந்து வருடப் பழைய ஒன்றை எடுத்தேன். 82,000 மைலில் காலை நேரத்தில் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்குப் போகும்போது பின்னாலிருந்து யாரோ முட்டியது போல ஒரு குலுக்கல். இரண்டு மாதத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. வாரண்டி முடிந்திருந்தது. செலவு 4,800 டாலர். அப்புறம்தான் மெக்கானிக் சொன்னார்: நண்பரின் வண்டி எட்டு வருடம் மூத்தது, அதில் இருந்த எஞ்சினும் வேறு, கியர்பாக்ஸும் வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது முன்பக்கத்துப் பெயர்ப்பலகை மட்டும்தான்.

இங்கே எல்லோரும் பேசுவது 'ஹாஃப் டன்' எனப்படும் வகுப்பைப் பற்றித்தான்: ஃபோர்டு எஃப்-150, செவி சில்வராடோ 1500, ஜிஎம்சி சியரா 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா. நிசான் டைட்டன் 2024 மாடலோடு நின்றுவிட்டது. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் டிரக். சில்வராடோவும் சியராவும் ஜெனரல் மோட்டார்ஸின் வண்டிகள்தான்: ஒரே அடிச்சட்டகம், ஒரே எஞ்சின்கள். ஆனாலும் ஜிஎம்சி ஓனரிடம் அதைச் சொன்னால் முகம் சுருங்கும். இன்னொன்று: ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கைச் சேர்ந்துதான் வடிவமைத்தன. ஒரே டீக்கடையில் உட்கார மாட்டோம் என்று சண்டை போடும் இரண்டு முகாம்களின் வண்டியிலும் ஒரே குடும்பத்துக் கியர்பாக்ஸ் ஓடுகிறது.

நம் ஆட்களுக்கு டொயோட்டா மேல் ஒரு நம்பிக்கை உண்டு. குவாலிஸும் இன்னோவாவும் ஓடிய ஊரிலிருந்தும், ஹைஏஸும் ஹைலக்ஸும் ஓடிய யாழ்ப்பாணம், மட்டக்களப்பிலிருந்தும் வருகிறோம். "ஹைலக்ஸ் எங்கே?" என்று வந்தவுடன் கேட்பவர்கள் உண்டு. அது இங்கே விற்பனையில் இல்லை. வெளிநாட்டு டிரக்குகளுக்கு 1964 முதல் 25 சதவீத இறக்குமதி வரி இருப்பது அதற்கு ஒரு காரணம். அமெரிக்கக் கோழிக்கறிக்கு ஐரோப்பா போட்ட வரிக்குப் பதிலடியாக வந்ததால் அதைக் 'கோழி வரி' என்றே சொல்வார்கள். அந்த வேலிக்குள்தான் மூன்று அமெரிக்கக் கம்பெனிகளின் டிரக் கோட்டை வளர்ந்தது. டண்ட்ராவை டொயோட்டா இங்கேயே கட்டுகிறது. 2006 முதல் நம் சான் அன்டோனியோவில்.

பழைய டண்ட்ராவின் பெயர் சும்மா வந்ததில்லை. 2007 முதல் 2021 வரை 5.7 லிட்டர் வி8 எஞ்சினோடு வந்த தலைமுறையைப் பற்றிக் குறை சொல்லும் ஓனரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர்கள் முறையிடுவது பெட்ரோல் செலவைப் பற்றி மட்டும்தான். லூயிசியானாவில் ஒருவர் தம் 2007 டண்ட்ராவில் பத்து லட்சம் மைல் ஓட்டி முடித்தபோது, ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று கம்பெனியே 2016-ல் அதை வாங்கிக்கொண்டு புது வண்டி கொடுத்தது. ஆனால் 2022-ல் வந்த புதுத் தலைமுறையில் அந்த வி8 இல்லை. இரட்டை டர்போ வி6 வந்தது. எஞ்சின் தயாரிப்பில் கடைந்த உலோகத் துகள் உள்ளேயே தங்கிவிட்டது என்று 2024-ல் சுமார் 1,02,000 வண்டிகளை ரீகால் செய்தார்கள், அதாவது கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தார்கள். எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள், அது நல்ல விஷயம். ஆனாலும் 'டொயோட்டா என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்கிற ஆசாமியிடம் எந்த வருடத்து டொயோட்டா என்று கேளுங்கள்.

மற்ற மூன்றும் அப்படியே. ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8 பற்றிப் பேசினால் 'லிஃப்டர்' என்ற சொல் வந்தே தீரும். வால்வைத் தூக்கி இறக்கும் விரல் நீளத் துண்டு அது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, தேவையில்லாத நேரத்தில் சில சிலிண்டர்களைத் தூங்க வைக்கும் ஏற்பாடு 2007 வாக்கில் வந்தது. அதற்கென்று செய்த விசேஷ லிஃப்டர்கள் சில வண்டிகளில் இறங்கிய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். டிக் டிக் என்று ஆரம்பித்து வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் தின்றுவிடும். அதே எஞ்சினில் மூன்று லட்சம் மைல் ஓட்டியவர்களும் இருக்கிறார்கள், இரண்டும் உண்மை. 6.2 லிட்டர் எஞ்சின் வேறு கதை: 2021 முதல் 2024 வரையிலான மாடல்களில் கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராடு கோளாறுக்காக 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய 6 லட்சம் வண்டிகள் ரீகால் ஆயின. அப்படி ஒன்றைப் பார்க்கப் போனால் ரீகால் வேலை முடிந்ததற்கான காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ராமில் 5.7 லிட்டர் ஹெமி வி8 எஞ்சினுக்கு ஒரு டிக் சத்தம் பேர் போனது. பாதி நேரம் அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் உடைந்த சத்தம், சின்ன வேலை. மீதி நேரம் லிஃப்டர், பெரிய செலவு. எது என்று சொல்லத் தெரிந்த காது வேண்டும். ஹெமி மேல் ஓனர்களுக்கு எவ்வளவு பிடிப்பு என்றால், 2025 மாடலில் அதை எடுத்துவிட்டு ஆறு சிலிண்டர் டர்போ போட்ட கம்பெனி, அடுத்த வருடமே 2026 மாடலுக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ஃபோர்டில் 2004 முதல் 2010 வரை வந்த 5.4 மூன்று வால்வு எஞ்சினைத் தவிர்த்துவிடுங்கள். கேம் ஃபேசரும் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) தொல்லை, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் உள்ளேயே உடையும். 2017–2020 வண்டிகளின் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் இரண்டு நொடி காது கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்றால் அது கேம் ஃபேசர். 5.0 வி8 வைத்திருப்பவர்கள் பொதுவாக நிம்மதியாக இருக்கிறார்கள். நான் இன்று வாங்கினால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சரி, ஓனரிடம் எதைக் கேட்பது? எந்த வருடம், எந்த எஞ்சின், எத்தனை மைல், இதுவரை என்னென்ன உடைந்தது, எத்தனை மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினீர்கள். இந்த ஐந்தும் போதும். "ஒன்றுமே உடையவில்லை" என்பவரைவிட "90,000 மைலில் வாட்டர் பம்ப், 1,40,000-ல் ஆல்டர்னேட்டர்" என்று மைல் கணக்கோடு சொல்பவரின் பேச்சுக்கு மதிப்பு அதிகம். இன்னொன்றும் கேளுங்கள்: டிரெய்லர் இழுத்தீர்களா? வார இறுதியில் படகு இழுத்த வண்டியும் அலுவலகம் போய் வந்த வண்டியும் ஒரே மைலில் ஒரே நிலையில் இருக்காது. ஆயில் விஷயத்தில் நான் கண்டது ஒன்று: நீண்ட காலம் ஓட்டியவர்களில் அநேகமாக எல்லோரும், டேஷ்போர்டு 10,000 வரை பொறுக்கலாம் என்று சொன்னாலும், 5,000 மைலில் மாற்றியவர்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது மைலை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். மீட்டர் திரையில் எஞ்சின் ஓடிய மணி நேரமும் இருக்கும். 60,000 மைலுக்கு 2,000 மணி என்றால் சராசரி 30 மைல் வேகம், சாதாரணம். அதே மைலுக்கு 4,000 மணி என்றால் பாதி ஆயுளை நின்ற இடத்திலேயே ஏசி போட்டு ஓடிக் கழித்த வண்டி. மேற்கு டெக்சஸ் எண்ணெய் வயல்களில் வேலை பார்த்த வெள்ளை நிற கம்பெனி டிரக்குகள் இப்படி நிறைய வரும். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கழுவினாலும் போகாத செம்மண் தூள் போல்ட்டுகளின் இடுக்கில் இருக்கும்.

ஹூஸ்டனுக்கே உரிய ஆபத்து வெள்ளம். 2017-ல் ஹார்வி புயலில் லட்சக்கணக்கான வண்டிகள் மூழ்கின; அதற்குப் பிறகும் தண்ணீர் வராமல் இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். மேல்பாதி சுத்தமாகவும் அடிப்பாதியில் பழுப்புக் கறை வரியும் இருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பின் சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் குழியில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள்; வண்டல் மண் அங்கேதான் ஒளிந்திருக்கும். வண்டியின் அடையாள எண்ணான 17 இலக்க வின் எண்ணை, காப்பீட்டு மோசடிகளைக் கண்காணிக்கும் என்ஐசிபி அமைப்பின் தளத்தில் போட்டால் காப்பீட்டுக் கணக்கில் திருட்டு, சேதம் பதிவாகியிருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையான என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் அதே எண்ணைப் போட்டால் முடிக்காத ரீகால் தெரியும். ரீகால் வேலைக்கு டீலர் காசு வாங்கக் கூடாது. இவ்வளவுக்கும் மேல், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் 150, 200 டாலர் கொடுத்து லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

கிளம்பும் முன் உங்கள் கராஜை டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். நான்கு கதவு, பின்னால் சரக்கு ஏற்றும் ஐந்தரை அடிப் படுக்கை கொண்ட எந்த ஹாஃப் டன்னும் 19 அடிக்கு மேல். இங்கே பல வீடுகளில் கராஜ் ஆழமே 20 அடி. தண்ணீர் சூடாக்கும் தொட்டி உள்ளே நின்றால் கராஜ் கதவைச் சாத்த முடியாது.

கடன் விஷயம்: வந்த புதிதில் கிரெடிட் வரலாறு இருக்காது, வட்டி கூடும். மாதத் தவணை குறைகிறது என்று 84 மாதத்துக்கு இழுக்காதீர்கள். வாரண்டி முடிந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். எச்-1பி ஆட்களுக்கு விசா முடியும் தேதிக்குள் கடனை அடக்கச் சொல்லும் வங்கிகளும் உண்டு. கிரெடிட் யூனியனிலும் (கூட்டுறவு வங்கி போன்றது) கேட்டுப் பாருங்கள்.

காகித வேலை அதிகம் இல்லை. தனியாரிடம் வாங்கினால் விற்பவரையும் கூட்டிக்கொண்டு கவுண்டி வரி அலுவலகத்துக்கே போங்கள். பெயர் மாற்றும் 130-யு படிவம், விற்பவர் கையெழுத்திட்ட டைட்டில் (உரிமைப் பத்திரம்), 6.25 சதவீத வரி. அரசு கணக்கு வைத்திருக்கும் மதிப்பில் 80 சதவீதத்துக்குக் கீழே விலை எழுதினால் அந்த 80 சதவீதத்துக்குத்தான் வரி போடுவார்கள். 30 நாளுக்குள் பெயர் மாற்றிவிட வேண்டும். 2025 ஜனவரி முதல் பாதுகாப்புச் சோதனை இல்லை. ஆனால் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், பிரஸோரியா, மாண்ட்கோமரி, கால்வெஸ்டன் கவுண்டிகளில் புகைச் சோதனை இன்னும் உண்டு. புது வண்டியில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் டெக்சஸ் டிஎம்வியில் (வாகனத் துறை) லெமன் சட்டத்தின்படி புகார் தரலாம். அதற்கு ஒவ்வொரு முறை டீலரிடம் விட்டதற்கான ரசீதும் வேண்டும், கிழித்துப் போடாதீர்கள்.

கேட்டி பக்கம் பொங்கலுக்கு முன்னால் வண்டி எடுத்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அண்டாவை நகராமல் கட்டும் ராட்செட் பட்டை என்னிடம் இரண்டு உபரியாக இருக்கிறது.