இசைக்குழுவின் பணத்தையும் வரியையும் முறையாகப் பேணுவது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் இசைக்குழுக்களுக்குத் திருவிழாக் காலத்தில்தான் பெரும்பாலும் கை நிறையப் பணம் வருகிறது. அது அன்றிரவே மேடைக்குப் பின்னால் பங்கிடப்பட்டுவிட்டால், மாரி காலத்தில் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவி பழுதாகும்போது திருத்தவோ வரி கட்டவோ எதுவும் மிஞ்சாது. ஆகவே குழுவின் பணத்தையும் உறுப்பினரின் பணத்தையும் முதல் நாளிலிருந்தே பிரித்து வைக்க வேண்டும்.

முதலில் குழுவின் பெயரைப் பிரதேச செயலகத்தினூடாக வணிகப் பெயராகப் பதிவு செய்து, இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். அடுத்து, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுதிக் கையொப்பமிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு, பாடலை யார் எழுதத் தொடங்கினார் என்று பாராமல், நால்வரின் பெயரிலும் அதைப் பதிவு செய்து உரிமைத்தொகையைச் சமமாகப் பகிர்ந்தது. சொந்தப் பாடல் வெளியிடும் நம் குழுக்களுக்கும் இதுவே நல்ல வழி என்பது என் உறுதியான கருத்து.

எடுத்துக்காட்டாக, கல்முனையில் ஒரு நிகழ்ச்சிக்கு 150,000 ரூபாய் பேசப்பட்டு, வாகனம், ஒலி ஒளி வாடகை, வெளியிலிருந்து அழைத்த கலைஞரின் சம்பளம் எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய் செலவானது என்று கொள்வோம். மீதி 80,000 ரூபாயில் 12,000 ரூபாயைக் கருவிகளுக்கும் 8,000 ரூபாயை வரிக்கும் ஒதுக்கினால், ஆறு பேருக்கும் தலா 10,000 ரூபாய் கிடைக்கும். முற்பணம் உட்பட ஒவ்வொரு வரவுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். வாகனக்காரரிடமும் சிட்டை கேட்டு வாங்குங்கள், ஏனெனில் சிட்டை இல்லாத செலவை வரிக் கணக்கில் கழித்துக் காட்டுவது கடினம்.

இலங்கையின் வரியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையாகும். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு ஆண்டொன்றில் 18 இலட்சம் ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. குழுவிலிருந்து வரும் பங்கு மட்டும் இந்த எல்லையைத் தாண்டாவிட்டாலும், பகலில் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ பணியாற்றும் உறுப்பினரின் சம்பளத்தோடு அது சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. உறுப்பினர் ஒவ்வொருவரும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி அடையாள இலக்கம் பெற்றுக்கொள்வது நல்லது. ஒதுக்கிய தொகை தேவைப்படாவிட்டால் ஆண்டு முடிவில் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒதுக்காதவர்களின் கதை ரோலிங் ஸ்டோன்சுடையது. உலகமே அறிந்த அந்தக் குழு, பிரித்தானியாவின் மிக உயர்ந்த வரி வீதத்துக்கும் குவிந்த வரி நிலுவைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் 1971இல் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தது. ரூபர்ட் லோவன்ஸ்டைன் என்ற வங்கியாளரே பல ஆண்டுகள் அவர்களுடைய நிதியைக் கவனித்தார். கணக்காளரை வைப்பது நல்லதுதான். ஆனால் முழுப் பொறுப்பையும் ஒருவரிடம் விட்டுவிடாதீர்கள். பிரித்தானியாவின் பிங்க் ஃபிளாய்ட் குழு 1970களின் இறுதியில் ஒரு முதலீட்டு நிறுவனத்தை நம்பிப் பெருந்தொகையை இழந்தது. மாதம் ஒருமுறை வங்கிக் கூற்றையும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுங்கள். வரியாண்டு முடிந்ததும் நவம்பர் 30க்கு முன் வருமான அறிக்கையைச் சமர்ப்பித்துவிடுங்கள்.