வெள்ளைத்தூள் பிடித்த ஸ்க்ரூவும் பழைய எஞ்சினும்

பழைய ஹொண்டா சிடி 125 அல்லது எம்டி 90 பைக் எஞ்சினின் பக்க மூடியைக் கழற்ற உட்கார்ந்தால் நாலு ஸ்க்ரூ சொன்னபடி வரும், ஐந்தாவது அசையாது. திருகோணமலையில் இதற்குக் காரணம் பெரும்பாலும் கறள் இல்லை. அலுமினிய மூடிக்குள் இரும்பு ஸ்க்ரூ, இரண்டுக்கும் நடுவில் கடற்காற்றின் உப்பு ஈரம். இந்தச் சேர்க்கையில் அரிபடுவது அலுமினியம். அது வெள்ளைத்தூளாக மாறி, முன்பைவிட அதிக இடம் பிடித்துப் புரிகளுக்குள் நெருக்கிக்கொள்கிறது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கிற பைக்குகளில் ஸ்க்ரூத் தலையைச் சுற்றி அந்த வெள்ளையைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதனால் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு ஒரு இரவு விட்டால் போதும் என்ற நம்பிக்கை இங்கே அவ்வளவாக எடுபடாது. எண்ணெய் உள்ளே இறங்கினால் வழுக்கும், தூளைக் கரைக்காது. ஊற்றுங்கள், தப்பில்லை. ஆனால் வேலையைச் செய்யப்போவது தட்டலும் சூடும்தான்.

அதற்கு முன்பே பலர் ஸ்க்ரூவின் தலையைக் கெடுத்துவிடுகிறார்கள். பழைய ஜப்பான் எஞ்சின்களில் இருப்பது ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவில் செய்த நட்சத்திரத் தலை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவர் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் நுனி பள்ளத்தின் அடிவரை இறங்காது. பலமாகத் திருப்பினால் மேலே ஏறி, நாலு மூலையையும் வழித்துக்கொண்டு வரும். ஜேஐஎஸ் நுனி ஒன்று வாங்கி, சுத்தியலால் அடிக்கிற வகை இம்பாக்ட் டிரைவரில் போடுங்கள். ஒவ்வொரு அடியும் நுனியை உள்ளே அமுக்கியபடியே திருப்பும். அந்த அதிர்ச்சியில் தூளும் உடையும். பற்றரியில் ஓடும் இம்பாக்ட் துப்பாக்கியை எம்6 (6 மில்லிமீட்டர் புரி) ஸ்க்ரூவுக்குக் கொண்டுவராதீர்கள். கழன்றதா முறிந்ததா என்று அது யோசிக்காது.

சூட்டிலும் ஒரு தலைகீழ் வேலை நடக்கிறது. ஸ்க்ரூவின் தலையைப் பிடித்துச் சூடாக்குவார்கள். சூடாக்க வேண்டியது சுற்றியுள்ள அலுமினியத்தை. அது இரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும்; துளை அகன்று பிடி தளரும். ஹீட் கன் போதும்: ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று பொரிய வேண்டும், அப்போது திருப்புங்கள். காஸ் டோர்ச்சை ஒரே இடத்தில் காட்டுவது ஆபத்து. எஞ்சின் மூடியின் அலுமினியக் கலவை 600 பாகை செல்சியஸுக்குக் கீழேயே உருகத் தொடங்கும், அதற்கு முன் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. ஒயில் சீலும் கருகிவிடும். பெற்றோல் டாங்கியையும் காபரேட்டரையும் கழற்றித் தூர வைத்து, ஊற்றிய எண்ணெயைத் துடைத்த பிறகே சூடு.

ஆறுமூலைத் தலை போல்ட்டுக்குப் பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பானர் வேண்டாம், ஆறு மூலை சொக்கெட் வேண்டும். பழைய பிரிட்டிஷ் பைக்குகளான பிஎஸ்ஏ, டிரையம்ப் என்றால் மில்லிமீட்டர் ஸ்பானரே வேண்டாம். அவற்றின் அளவே வேறு.

சரி, முறிந்துவிட்டது. இப்போதுதான் பெரிய தவறுக்கான நேரம்: முறிந்த தண்டுக்குள் திருகி அதை வெளியே எடுக்கிற ஈசி அவுட். முழு ஸ்க்ரூவே தாங்காத பிடியை, அதற்குள் துளைபோட்டு நுழைக்கிற அதைவிட மெல்லிய கம்பி தாங்குமா? அதுவும் உள்ளே முறிந்தால், கடினமாக்கிய உருக்கு என்பதால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. முறிந்த தண்டு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்ட் பண்ணுவதே நல்ல வழி. பிடியும் கிடைக்கும், சூடும் உள்ளே இறங்கும். தண்டு மட்டத்தோடு போயிருந்தால் சரிநடுவில் பஞ்ச் அடித்து இடதுபுரி டிரில் பிட்டால் (கழற்றும் பக்கமாகவே சுழன்று துளைப்பது) துளையுங்கள். துளைக்கும்போதே சில நேரம் கழன்று வரும். நடு தவறினால் பிட் மென்மையான அலுமினியத்தின் பக்கம் ஓடிவிடும். கையில் நிதானம் இல்லையென்றால் மூடியைத் தூக்கிக்கொண்டு லேத் கடைக்குப் போவது மலிவு.

திரும்பப் பூட்டும்போது பலர் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் அலன் போல்ட் போடுகிறார்கள். அழகுதான். ஆனால் உப்புக்காற்றில் அலுமினியத்தோடு அதுவும் ஒத்துப்போகாது. புரியில் அன்டி சீஸ் கிரீஸ் (புரி பிடித்துக்கொள்ளாமல் காப்பது) பூசாமல் போட்டால் அடுத்த முறையும் இதே கதை. அலன் கீ கையில் இருந்தால் இறுக்கவும் ஆசை வரும். எம்6 மூடி ஸ்க்ரூவுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். கிரீஸ் பூசியிருந்தால் அதிலும் கொஞ்சம் குறைவாக.