கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனை: எதை எடுக்கணும், எப்படிப் படிக்கணும்

தேதி குறித்து ஊருக்கெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் பலர் லேபுக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தால் நிதானமாக யோசிக்கத் தோன்றாது, மறைக்கத்தான் தோன்றும். அதனால் குறைந்தது ஆறு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். சும்மா சொன்ன கணக்கில்லை இது. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) தடுப்பூசி போட வேண்டி வந்தால் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று என்று முடியவே அரை வருஷம் ஆகும்.

சட்டப்படி கட்டாயமா என்றால், அது நாட்டைப் பொறுத்தது. சவூதி அரேபியாவில் 2004 முதல் தாலசீமியா, சிக்கிள் செல் (இரண்டும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் ரத்த நோய்கள்) பரிசோதனை கட்டாயம். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், ஆனால் மரபணுப் பொருத்தம் சரியில்லை என்று வந்தாலும் கல்யாணம் செய்யத் தடையில்லை. அமெரிக்காவில் 1930களில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்காக மாநிலம் மாநிலமாகச் சட்டம் போட்டார்கள், பிறகு ஒவ்வொன்றாக நீக்கினார்கள். பெண்களிடம் ருபெல்லா (கர்ப்பத்தில் வந்தால் சிசுவைப் பாதிக்கும் ஒரு வகை அம்மை) பரிசோதனை கேட்டுக்கொண்டிருந்த மோன்டானாவும் 2019இல் விட்டுவிட்டது. நீங்கள் பதிவு செய்யப்போகும் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காவிட்டாலும் நீங்களாக எடுப்பது நல்லது.

முதலில் தாலசீமியா. என்னைக் கேட்டால் இந்த ஒன்றுக்காகவே லேபுக்குப் போகலாம். எனக்கு ஹீமோகுளோபின் எப்போதும் கொஞ்சம் குறைவு, வருஷக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியிருக்கிறேன். கல்யாணப் பேச்சு வந்தபோது எடுத்த சி.பி.சி.யில் (ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் பரிசோதனை) எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 66 என்று இருந்தது (80க்குக் கீழே என்றாலே சிவப்பணு வழக்கத்தைவிடச் சின்னது என்று அர்த்தம்). டாக்டர் ஹீமோகுளோபினை வகை பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதில் எச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 5.1 சதவீதம். 3.5க்கு மேலே போனால் பீட்டா தாலசீமியா கேரியர் என்று சந்தேகிப்பார்கள். அதாவது எனக்கு நோய் இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்த முடியும். இணை கேரியர் இல்லையென்றால் பிள்ளைக்கு அந்த நோய் வராது, கேரியராகப் பிறக்க மட்டும் பாதி வாய்ப்பு. இரண்டு பேருமே கேரியர் என்றால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீதம் நோயோடு பிறக்க வாய்ப்பு. முதல் பிள்ளை நன்றாகப் பிறந்தது என்பதற்காக அடுத்த பிள்ளைக்கு அந்தக் கணக்கு மாறாது. ஒருவர் தாலசீமியா, இன்னொருவர் சிக்கிள் செல், பெயர் வேறுதானே என்றும் நிம்மதியாகிவிட வேண்டாம், அந்தச் சேர்க்கையும் பிள்ளைக்குக் கடுமையான நோயாக வரலாம்.

இரண்டு பேரும் கேரியர் என்பதற்காகக் கல்யாணத்தை நிறுத்தியே ஆக வேண்டும் என்றில்லை. கர்ப்பத்தின் 11ஆவது வாரத்தை ஒட்டி சிசுவைப் பரிசோதிக்கலாம், சோதனைக் குழாய் முறையில் கருவைச் சோதித்துக் கருப்பையில் வைக்கவும் வழி இருக்கிறது. எதுவானாலும் மரபணு ஆலோசகரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். இன்னொன்று, இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் எச்பிஏ2 குறைத்துக் காட்டலாம். கடந்த மூன்று நான்கு மாதத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் ரிப்போர்ட்டை நம்ப முடியாது. லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து தொற்றுகள்: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ். எச்.ஐ.வி.க்கு இப்போதைய லேப் பரிசோதனையிலும் தொற்று தெரிய 45 நாள் வரை ஆகலாம். சமீபத்தில் சந்தேகப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் 'நெகட்டிவ்' பார்த்து விட்டுவிடாமல் அந்த 45 நாள் கழிந்த பிறகு மறுபடி எடுங்கள். சிபிலிஸுக்கான முதல் பரிசோதனையான வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் என்றதும் சண்டைக்குப் போகாதீர்கள். சிபிலிஸே இல்லாதவருக்கும் சில சமயம் அது பாசிட்டிவ் காட்டும், டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனை எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். ஹெபடைடிஸ் பி இருந்தால் இணைக்குத் தடுப்பூசி உண்டு. எச்.ஐ.வி. இருப்பவர் ஒழுங்காக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத் தொடர்ந்து அடங்கியிருந்தால் உடலுறவு மூலம் பரவாது.

ரத்த வகைப் பொருத்தத்தைப் பார்த்துத்தான் ஆளாளுக்குப் பயப்படுகிறார்கள், அதற்கு அவ்வளவு அவசியமில்லை. இருவருக்கும் ஒரே வகை என்றால் ஒன்றும் ஆகாது. பெண் ஆர்.எச். நெகட்டிவ் (ஓ நெகட்டிவ், ஏ நெகட்டிவ் போல), ஆண் பாசிட்டிவ் என்றால் மட்டும் குறித்து வையுங்கள். கர்ப்ப காலத்தில் 28ஆவது வாரத்தை ஒட்டியும், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும், தாயின் உடல் குழந்தையின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டால் போதும். பெண்ணுக்கு ருபெல்லா எதிர்ப்பு சக்தி இல்லையென்றால் இப்போதே தடுப்பூசி போடலாம், அதன்பின் ஒரு மாதம் கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும்.

சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதானால் வெறும் வயிறு, மேலே சொன்னதற்கெல்லாம் சாப்பிட்டுவிட்டே போகலாம். 'எல்லாம் நார்மல்' என்று ஃபோனில் சொல்வதோடு முடிக்காமல் இருவரும் உட்கார்ந்து காகிதத்தையே மாற்றிப் படியுங்கள். சங்கடம்தான், அரை மணி நேரத்தில் போய்விடும். கேரியர் என்று வந்தால் கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். என் ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகுதான் தங்கை எடுத்தாள், அவளும் கேரியர்தான். அன்றோடு அவளும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தினாள், டாக்டரைக் கேட்டுத்தான்.