ரெண்டு இன்ஜின் போட்ல பெட்ரோல் முள் தப்பா காட்டுதா? டேங்க்கை திறக்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

முள்ளு அரை டேங்க்னு காட்டிட்டே இருந்துச்சு, கரைக்கு இன்னும் ரெண்டு மைல் இருக்கு, இடது இன்ஜின் இருமிட்டு நின்னுச்சு, அடுத்த நிமிஷமே வலதும் நின்னுபோச்சு. ரெண்டுக்கும் ஒரே டேங்க்னா "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு"ங்கிற கணக்கு பெட்ரோல் விஷயத்துல செல்லாதுங்க. அன்னைல இருந்து மீட்டர் லேசா சந்தேகப்பட வச்சாலும் அப்பவே உட்கார்ந்து பார்த்துடுவேன். வோல்ட்டும் ஓம்ஸும் அளக்குற மல்டிமீட்டர், ஒரு துண்டு வயர், உப்புத்தாள், இவ்வளவுதான் வேணும்.

டேங்க்குள்ள ஒரு மிதவை இருக்கு, அது ஏறி இறங்குறப்ப அது மாட்டியிருக்குற டேங்க் யூனிட்டோட ரெசிஸ்டன்ஸ் (கரன்ட்டை தடுக்குற அளவு, ஓம்ஸ்ல சொல்வாங்க) மாறும், அதை ஒரு பிங்க் வயர் மீட்டருக்கு கொண்டுபோகும். அமெரிக்க டைப்ல காலி டேங்க்குக்கு 240 ஓம்ஸ், ஃபுல்லுக்கு 30 பக்கம். ஐரோப்பிய டைப் தலைகீழ், காலிக்கு 10 பக்கம், ஃபுல்லுக்கு 180 பக்கம். ஒரு டைப் மீட்டருக்கு இன்னொரு டைப் யூனிட் மாட்டிட்டா காலியா இருக்கப்ப ஃபுல்னு காட்டும்.

முதல்ல சாவி. ரெண்டு இன்ஜின் போட்ல மீட்டருக்கு கரன்ட் பெரும்பாலும் ஏதாவது ஒரு சாவில இருந்துதான் வரும், அந்த பக்கம் ஆஃப்ல இருந்தா முள்ளு செத்த மாதிரி கிடக்கும். தனித்தனியா ஒவ்வொரு சாவியையும் போட்டு பாருங்க.

அடுத்து மீட்டர் பின்னாடி. ஐ (சாவில இருந்து வர்ற கரன்ட்), ஜி (எர்த்), எஸ் (டேங்க் யூனிட்ல இருந்து வர்ற பிங்க் வயர்)னு மூணு முனை இருக்கும். சாவி ஆன்ல ஐ-க்கும் ஜி-க்கும் நடுவுல 12 வோல்ட் வரணும். வரலைனா மல்டிமீட்டரோட கறுப்பு முனையை நேரா பேட்டரி நெகட்டிவ்ல வச்சு பாருங்க, இப்ப வந்துச்சுன்னா எர்த்துதான் போயிருக்கு. உப்புக்காத்துல முனையெல்லாம் பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், நல்லா தேய்ச்சு இறுக்குங்க. நான் பார்த்ததுல பாதிக்கு மேல இங்கயே முடிஞ்சிருக்கு, ஆனா எல்லாரும் புது யூனிட் வாங்கத்தான் ஓடுறாங்க.

மூணாவது, எஸ்-ல இருக்குற பிங்க் வயரை கழட்டுங்க. அமெரிக்க டைப்னா முள்ளு காலிக்கு விழணும், எஸ்-ஐயும் ஜி-யையும் வயர் துண்டால ஒரு செகண்ட் தொட்டா ஃபுல்லுக்கு ஏறணும் (ஐரோப்பியதுல ரெண்டும் மாறி வரும்). ரெண்டும் நடந்தா மீட்டர் நல்லாயிருக்கு. இந்த தொடுற வேலையை டேஷ் (மீட்டர் இருக்குற பலகை) கிட்ட மட்டும் பண்ணுங்க, டேங்க் பக்கத்துல பண்ணவே கூடாது, பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், அடில தேங்கி நிக்கும், ஒரு பொறி போதும்.

இப்ப சாவியை ஆஃப் பண்ணிட்டு கழட்டின பிங்க் வயருக்கும் எர்த்துக்கும் நடுவுல ஓம்ஸ் அளங்க. மேல சொன்ன கணக்குக்குள்ள, டேங்க்ல இருக்குற அளவுக்கு ஒத்து வந்தா சரி. ஒண்ணுமே காட்டலைனா வயர் அறுந்திருக்கும், இல்ல யூனிட்டோட எர்த் விட்டிருக்கும், இல்ல யூனிட்டே போயிருக்கும். பூஜ்யம்னா பெரும்பாலும் பிங்க் வயர் எங்கயோ உரசி எர்த்தாகுது. இதே அளவை, அங்கயும் பிங்க் வயரை கழட்டிட்டு, டேங்க் யூனிட் முனைலயும் எடுங்க, ரெண்டும் வித்தியாசப்பட்டா குத்தம் நடுவுல இருக்குற வயர்ல.

யூனிட்தான்னு உறுதியானா மட்டும் திறங்க. பேட்டரி ஸ்விட்ச் ஆஃப், ஹேட்ச் எல்லாம் திறந்து காத்தோட்டம், டேங்க் நிரம்பி இருக்கக் கூடாது. அஞ்சு ஸ்க்ரூ, ஓட்டை இடைவெளி ஒரே மாதிரி இருக்காது, அதனால ஒரே ஒரு விதமா வச்சாத்தான் சரியா உட்காரும். வெளிய கொண்டுவந்து, ஆவி இல்லாத இடத்துல மிதவையை கையால மெதுவா தூக்கி ஓம்ஸ் பாருங்க, நடுவுல விட்டுவிட்டு வந்தா மாத்திடுங்க, கேஸ்கெட்டும் புதுசு போடுங்க.

இன்ஜினுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மீட்டரை ஒரே யூனிட்ல இழுத்திருந்தா ரெண்டுமே தப்பாத்தான் காட்டும், அதுக்குன்னு ரெண்டு மீட்டருக்குன்னே செஞ்ச யூனிட் தனியா இருக்கு, அதை கேட்டு வாங்குங்க.

எல்லாம் முடிஞ்சதும் காலி டேங்க்ல இருபது இருபது லிட்டரா ஊத்தி முள்ளு எங்க நிக்குதுன்னு டேஷ்ல மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க, அடி குறுகலான டேங்க்ல முள்ளு பாதில நின்னா பெட்ரோல் பாதிக்கும் குறைவாத்தான் இருக்கும்.