மதுரை மகால் பக்கம் சுவரில் படம் வரையப் போகிறவர்களுக்கு

போன மாதம் பத்துத்தூண் சந்துக்குப் பக்கத்தில் இரண்டு பையன்கள் ஒரு சுவரில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செல்போனில் ஒரு தறிப் படம். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே தப்பைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் செய்து, கைக்காசைப் போட்டு அழித்தவன் நான். பெயின்ட்டைக் கலக்காமல் அடிப்பது, மழை நாளில் சாரம் கட்டுவது போன்றவற்றைச் சொல்ல வரவில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் தெரியும்.

தெருவை ஒரு காலத்திலேயே நிறுத்திவிடுவது

பழைய தெரு என்றதும் யாரோ ஒருவரைப் பிடித்து, இவர்தான் தெரு என்று வரைந்துவிடுகிறோம். மகாலைச் சுற்றி என்றால் சௌராஷ்டிர நெசவாளர், காஜிமார் தெரு என்றால் ஒரு மினாரா. பாதி உண்மைதான். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டிய இந்த மகால் அரண்மனையைச் சுற்றிப் பட்டு நெய்யும் குடும்பங்கள் வாழ்ந்தன. ஆனால் அந்த அரண்மனையிலேயே பெரும்பகுதி போய், அதன் மிச்சமான பத்துத்தூண் இன்று துணிக்கடைகளுக்கு நடுவில் நிற்கிறது. சனங்கள் மட்டும் தறிக்குழியிலேயே உட்கார்ந்திருப்பார்களா?

அன்றைக்கு நான் வரைந்தது: எட்டடி உயரத்தில் ஒரு தாத்தா, குழித்தறி, பின்னால் புள்ளி புள்ளியாகச் சாயம் ஏற்றிய சிவப்புச் சுங்குடிச் சேலை. எட்டு நாள் வேலை. ஒன்பதாம் நாள் எதிர்வீட்டுப் பாட்டி வந்து நின்றார்.

"நல்லாருக்கு தம்பி. ஆனா எங்க வீட்டுத் தறியை வித்தே இருவது வருசமாச்சு. கீழ்வீட்டை ராஜஸ்தான்காரங்க துணி குடோனுக்கு விட்டிருக்கோம். அந்தப் பிள்ளைங்கதான் எனக்கு மாத்திரை வாங்கிட்டு வருது. அதுகளை ஏன் போடல?"

என்னிடம் பதில் இல்லை. அப்புறம் சுங்குடியைப் பார்த்துச் சிரித்தார். "இது கட்டுன புள்ளி இல்ல. அச்சடிச்சது." அட்டையில் வட்டம் வெட்டி, அதை வைத்து அடித்திருந்தேன். துணியைக் கிள்ளி நூல் சுற்றிச் சாயத்தில் முக்கினால் ஒரு புள்ளி போல இன்னொன்று வராது. அந்த முடிச்சுகளைப் போட்டவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பாட்டியும் சின்ன வயதில் போட்டவர்தான். என் சுவரில் ஒரு பெண்கூட இல்லை!

பாதிச் சுவருக்கு மறுபடி பிரைமர் அடித்தேன். தறி சின்னதானது. புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கையால் வைத்தேன். முடிச்சுப் போடும் பாட்டியும் மூட்டை தூக்கும் பையன்களும் சுவருக்குள் வந்தார்கள். செலவு முழுக்க என் தலையில். முதல் நாளே அந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்திருந்தால் இத்தனையும் மிச்சம். நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

தெருப் பெயரைக் கவனிக்காமல் விடுவது

1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூட வைத்தார். அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்று தெருப் பெயர்களாக இருக்கிறார்கள். மாரட் வீதியில் ராஜா ராணி வரையக் கிளம்பிய ஒருவரை எனக்குத் தெரியும். கடப்பாரையும் மண்வெட்டியும் வரைந்திருக்கலாம்.

கோபுரம்

வேண்டாம். நிமிர்ந்து பார்த்தால் அசலே தெரிகிறது.

சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன்

பழைய செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். அதன் மேல் எமல்ஷன் பெயின்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, தகடு தகடாக உரியும். ஓதம் அடியிலிருந்து ஏறுவதால் நீங்கள் வரைந்த ஆட்களுக்கு முதலில் போவது கால்கள்தான். சுண்ணாம்பில் கலந்த மண் நிறங்கள் கொஞ்சம் மங்கல். ஆனால் இந்தச் சுவருக்கு அவைதான் ஒத்துவரும்.

சௌராஷ்டிர எழுத்து

சௌராஷ்டிர மொழிக்குத் தனி எழுத்து உண்டு. அதைச் சுவரில் எழுதுவதானால் இணையத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரைச் சாரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதுங்கள். அந்த எழுத்தை வாசிக்கிறவர்கள் தெருவிலேயே குறைவு. பிழை இருந்தால் சொல்ல ஆளில்லாமல் அது பாட்டுக்கு நிற்கும்.