படித்தது புரிந்ததா? ஏஐ-யை வைத்துச் சோதிக்கும் முறை

ஏஐ-யிடம் ஒரு பாடத்தைக் கேட்டால் அழகாக விளக்கிவிடும். படிக்கும்போது நம் தலையும் தானாக ஆடும். தேர்வில் அதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் மட்டும் பேனா நகராது.

இது சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசன்பிளிட், கைல் என்ற இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜிப், பூட்டு போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்பது தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மாணவர்கள் முதலில் தங்களுக்கே மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். பிறகு படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னதும் அந்த மதிப்பெண்ணைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். எழுத உட்கார்ந்தால்தான் ஓட்டை தெரிகிறது.

ஏஐ-யை வைத்து இதை வீட்டிலேயே செய்யலாம். டிஎன்பிஎஸ்சி-க்குப் படிப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளத்தில் கொட்டும் மழை, தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஏன் அந்த அளவு கிடைப்பதில்லை?

படி 1: புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்

ஏஐ-யிடம் இன்னும் எதுவும் கேட்க வேண்டாம். தெரிந்ததைச் சொந்த வார்த்தையில் நாலைந்து வரி எழுதுங்கள். தட்டச்சு சிரமம் என்றால் போனில் பேசிப் பதியலாம். பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைக் கொண்டுவருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதைத் தடுக்கிறது. அதனால் கேரளத்தில் மழை. தமிழ்நாடு மழை மறைவுப் பகுதி."

இரண்டு மார்க் கேள்விக்கு இது போதும். ஆனால் 'தடுக்கிறது', 'அதனால்' ஆகிய இரண்டு சொற்களுக்குள் என்ன நடக்கிறது என்று இதில் எங்கும் இல்லை.

படி 2: கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள்

நீங்கள் எழுதியதோடு இந்தக் கட்டளையையும் சேர்த்து அனுப்புங்கள்:

"இது என் விளக்கம். நீ விடை சொல்லாதே, திருத்தாதே, பாராட்டாதே. நான் காரணம் சொல்லாமல் தாண்டிய இடத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேள். நான் பதில் சொன்னதும் அடுத்த கேள்விக்குப் போ. 'குறிப்பு' என்று நான் எழுதினால் மட்டும் ஒரு வரி உதவி செய்."

'ஒரே ஒரு கேள்வி' என்பதை விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் பத்துக் கேள்வியை ஒன்றாகக் கொட்டும், எளிதான மூன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நாமும் எழுந்துவிடுவோம். சாட்ஜிபிடியில் 2025-இல் வந்த ஸ்டடி மோட் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்கிறது. எனக்கு என்னவோ சொந்தக் கட்டளைதான் வசதி.

படி 3: மாட்டிக்கொள்ளும் இடத்தில் நில்லுங்கள்

நல்ல கேள்வி என்றால் இப்படி இருக்கும்: "மலை காற்றைத் தடுக்கிறது என்றால், ஆடி மாதத்தில் தமிழ்நாட்டில் வீசும் பலத்த காற்று எது?"

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சிறு வயதிலிருந்து சொல்கிறோம். அது பெரும்பாலும் மேற்கிலிருந்து மலையைத் தாண்டியும் கணவாய்கள் வழியாகவும் வரும் அதே பருவக்காற்றுதான். அப்படியானால் காற்று வருகிறது, மழைதான் வருவதில்லை. 'தடுக்கிறது' என்ற சொல் இங்கே படுத்துவிட்டது.

இந்த இடத்தில் உடனே விடை கேட்கத்தான் கை போகும். சில நிமிடம் பொறுங்கள். யோசித்துப் பார்த்தும் வரவில்லை என்றால் 'குறிப்பு' கேளுங்கள். கடைசியில் வந்து சேர வேண்டிய விளக்கம் இது: மலையில் ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது, அதிலுள்ள நீராவி மேகமாகி மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டுகிறது. கிழக்கே இறங்கும்போது அதே காற்று அழுத்தப்பட்டுச் சூடாகிறது. மிச்சமிருக்கும் ஈரம் மேகமாவது அதனால் கடினமாகிறது. இதை ஏஐ-யின் பதிலிலிருந்து நகலெடுக்காமல், முதல் நான்கு வரியை நீங்களே திருத்தி எழுதுங்கள்.

படி 4: விதிவிலக்கைத் தேடுங்கள்

இப்போது நீங்கள் கேள்வி கேட்கும் முறை. "என் விளக்கத்துக்கு ஒத்துவராத ஊர் ஒன்றைச் சொல், காரணம் சொல்லாதே" என்று கேளுங்கள். குற்றாலம் வரலாம். மலைக்குக் கிழக்கே இருந்தும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே சாரல் அடிக்கிறது. வால்பாறையும் வரலாம். தமிழ்நாட்டு ஊர், ஆனால் தென்மேற்குப் பருவத்தில் மழை பிய்த்து உதறும்.

காரணத்தை முதலில் நீங்கள் எழுதுங்கள், அப்புறம் சரிபாருங்கள். வால்பாறை மலைமேலேயே இருக்கிறது. மாநில எல்லை எல்லா இடத்திலும் மலை முகட்டை ஒட்டிப் போவதில்லை. குற்றாலத்துக்குப் பக்கத்திலோ செங்கோட்டைக் கணவாய் இருக்கிறது, மலைத்தொடர் தாழ்ந்துபோகும் அந்த வழியாக ஈரக்காற்றும் மேகமும் நுழைகின்றன. மனப்பாடம் செய்தவருக்கு இந்த இரண்டு ஊரும் தனித்தனித் தகவல், காரணம் தெரிந்தவருக்கோ ஒரே விளக்கத்தின் நீட்சி.

படி 5: ஏஐ-யையும் ஒரு முறை சோதியுங்கள்

ஏஐ-க்குப் பாராட்டும் பழக்கம் அதிகம். தப்பாக எழுதினாலும் "அருமையான விளக்கம்!" என்று ஆரம்பிக்கும். படி 2-இல் போட்ட 'திருத்தாதே' என்ற தடையை நீக்கி, 'இது சரியா?' என்று கேட்டு, வேண்டுமென்றே ஒரு தவறைச் செருகிப் பாருங்கள்: "மலையிலிருந்து இறங்கும் காற்று குளிர்ந்துவிடுவதால் மழை இல்லை." அதைப் பிடிக்காமல் விட்டால், அந்தப் பாடத்தில் அது சொல்லும் மதிப்பீட்டை நம்ப வேண்டாம். பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி, கடைசியில் பள்ளிப் புவியியல் பாடநூலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

படி 6: ஒரு வாரம் கழித்துப் புதிய உரையாடல்

பழைய உரையாடலைத் திறக்காதீர்கள், அதில் உங்கள் விடைகள் கிடக்கும். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 5 நிமிடத்தில் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் இருந்தது சுமார் 40 சதவீதம். ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மீதிச் சுற்றுகளில் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு 61.

அன்றைக்குக் கேள்வியையும் மாற்றிக்கொள்ளுங்கள். உதாரணமாக: வடகிழக்குப் பருவக்காற்று நிலப்பரப்பிலிருந்து கிளம்பும் காற்று. அப்படியிருக்க, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைக் கொடுக்கும் ஈரம் அதற்கு எங்கே கிடைத்தது? அந்தக் காலத்தில் கடற்கரை மாவட்டங்களுக்கு அதிகம் பெய்து, உள்ளே போகப் போகக் குறைவது ஏன்? ஏஐ-யைத் திறக்கும் முன் நான்கு வரி எழுதிவிடுங்கள்.